ஜெனிஃபர் நெப்டியூனாக நின்ற நாள்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் பென்ஷன் மீது ஆணை, வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மீது ஆணை. இந்த வயதில் பொய் சொல்லி நான் யாரிடம் பதவி உயர்வு வாங்கப் போகிறேன்? தில்லி ஆர்.கே.புரத்தில் என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். யமுனையில் ஒரு தடவை முதலையை வாலைப் பிடித்துத் திருப்பி அனுப்பினேன் என்று நான் சொன்னதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது முதலைதான். இருக்கட்டும்.

இந்தக் கதை என் யோசனை அல்ல. எதிர் பிளாக்கில் குடியிருக்கும் பிலோமி கேட்டதால் எழுதுகிறேன். தூத்துக்குடிக்காரி, மத்திய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். புருஷன் இல்லை. ஒரே பெண் ஜெனிஃபர், ஒன்பதாம் வகுப்பு. போன நவம்பரில் ஒரு நாள் பிலோமி நைட் டூட்டி முடிந்து வந்து படுத்திருந்தாள். பெண் யூனிஃபாரம் போட்டுக்கொண்டு, "மம்மி, போயிட்டு வாறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். வரவில்லை. அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. (என்னைத் தவிர. அந்த இடத்துக்கு வருகிறேன்.)

காவல் நிலையத்துக்குத் துணையாக நான்தான் போனேன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்தவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "பாக் கயீ ஹோகீ," என்றார். ஓடிப்போயிருப்பாளாம். அதற்குள் எங்கள் பிளாக்கிலும் அதே பேச்சு. ஓடிப்போகிறவள் யூனிஃபாரத்திலா ஓடுவாள் என்று கேட்டேன். அதுதான் சாமர்த்தியம் என்றார்கள்.

சில மாதம் கழித்துப் பிலோமி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான் கதையெல்லாம் நல்லா கட்டுவீயளே. எழுதுங்க."

"எதை?"

"அவ என்னத்துக்குப் போனான்னு. ஒரு காரணம் இருக்கும்லா? சும்மாவா ஒருத்தி வெளிய போவா?"

காரணம் இருக்கிறது. பாடம் படிக்கப் போனாள். அதைத்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்.

"பேரண்டம் தோன்றி ஒரு நொடிகூட ஆகாதபோது" என்று ஆரம்பித்தேன். அங்கிருந்து நவம்பருக்கு வந்து சேர என் ஆயுசு போதாது என்பதால் அடித்துவிட்டேன்.

"ஜெனிஃபர் நல்ல பெண்." இப்படித் தொடங்கினால் அடுத்த வரி "ஆனால்" என்றுதான் வரும். வேண்டாம்.

"அந்தப் பள்ளியில் சுபாஷிணி என்று ஓர் ஆசிரியை"

இது நிற்கும். நகரத்தின் நடுவில் ஒரு தமிழ்ப் பள்ளி, ஜெனிஃபர் படித்தது. பெயரையும் தெருவையும் கேட்காதீர்கள். சுபாஷிணி அங்கே தற்காலிக ஆசிரியை, விசாரிக்கப் போனபோது எனக்குப் பழக்கம். தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசும்போது நடுநடுவே இந்தியில் இளைப்பாறிக்கொள்வாள். பூமியும் விண்வெளியும் பாடம் எடுக்க வேண்டும். புத்தகத்தில் சூரியக் குடும்பத்தின் படம் ஒரு பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தாலே அவளுக்குக் கோபம் வரும்.

"பாருங்க அங்கிள், எல்லா கிரகமும் ரயில்ல ஜெனரல் டப்பால ஏறின மாதிரி இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பசங்க இதைத்தான் நிஜம்னு நினைக்கிறாங்க. நடுவுல எவ்ளோ காலி இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் சொல்வது சரி. விண்வெளியில் பெரும்பகுதி ஒன்றுமில்லாத இடம்தான். பாடநூல் அச்சிடுகிறவர்களால் ஒன்றுமில்லாததை அச்சிட முடியாது. காகிதம் வீண் என்பார்கள். ஆகவே பிள்ளைகள் பரீட்சையில் பெயர்களை வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். தூரத்தை ஒருவரும் படிப்பதில்லை. தூரம் என்ன என்று எனக்கும் அந்த நவம்பர் வரை தெரியாது.

3

அவள் செய்தது இது. பள்ளிச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சூரியனை வரைந்தாள். சூரியன் அவ்வளவு என்றால் பூமி ஒரு கோலிக்குண்டு. கோலிக்குண்டு நிற்க வேண்டிய இடம் தெருமுனை டீக்கடை. புதன் ஒரு பட்டாணி, பள்ளி வாசலிலேயே. செவ்வாய் ஒரு கொண்டைக்கடலை, டீக்கடை தாண்டிய பஸ் ஸ்டாப்பில். அதோடு பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டியது. "அவ்ளோதானா மேம்? முடிஞ்சுதா?" என்றார்கள். அப்புறம்தான் நடக்கத் தொடங்கினார்கள்.

வியாழனாக நின்ற பையன் டோனி. கால்பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் நின்றான். வியாழனுக்குப் பெரிய நிலாக்கள் நான்கு என்று ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள் நான்கு தெருநாய்கள் வந்து அவனைச் சுற்ற ஆரம்பித்தன.* சனி, சைக்கிள் டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு அமைச்சர்களின் பங்களாக்கள் இருக்கும் சாலையில் நின்றான். காவலர்கள் வந்து டியூபைச் சோதனை போட்டார்கள். உள்ளே காற்று மட்டும் இருந்ததாக எழுதிக்கொண்டு போனார்கள்.

யுரேனஸ் பென்சன். சாணக்கியபுரியில் ஒரு தூதரகத்துக்கு எதிரே நடைபாதையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். துப்பாக்கியோடு காவலர் ஓடி வந்தார்.

"ஏய், க்யா ஹை யே?"

"யுரேனஸ், பையா."

"உட்டோ!"

"எந்திரிக்க முடியாது பையா. அது சாஞ்சுதான் சுத்தும்."

யுரேனஸ் சாய்ந்துதான் சுற்றுகிறது. நீங்கள் வேண்டுமானால் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*நாய்கள் சொன்ன பேச்சு கேட்டு ஒழுங்காகச் சுற்றினவா என்று கேட்கிறீர்கள். மூன்று சுற்றின. ஒன்று டீக்கடைப் பக்கம் போய்விட்டது. நான் மிகைப்படுத்துகிறவன் அல்ல.

4

பாக்கி நெப்டியூன். சூரியனிலிருந்து எட்டு கிலோமீட்டர் வருகிறது. கணக்குப் போட்டால் மலை மந்திர் முருகன் கோயில் அடிவாரம்.

இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஜெனிஃபரை ஆசிரியை ஏன் தேர்ந்தெடுத்தாள்? அவள் வகுப்பில் அதிகம் பேசாதவள் என்பதால் கடைசியில் மிஞ்சினாள் என்று எழுதினேன். எழுதியதைப் பிலோமியிடம் படித்துக் காட்டினேன்.

"பேசாதவளா? எங்க வீட்டுல வந்து கேளுங்க அண்ணாச்சி. அவ வாயி ஓயாது."

"வீட்டில் ஓயாது. பள்ளிக்கூடத்தில்?"

பிலோமி யோசித்தாள். "அது எனக்குத் தெரியாதே," என்றாள். ஆகவே அந்தக் காரணத்தை எடுத்துவிட்டேன். மாற்றிப் போட்ட காரணம் இது: அவள் வீடு ஆர்.கே.புரம். மலை மந்திர் பக்கம். எப்படியும் வீட்டுக்குப் போகிற வழிதானே என்று ஆசிரியை அவளை அனுப்பினாள். இதைப் பிலோமி ஏற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் இருந்தாள் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

சுபாஷிணியிடமும் கேட்டேன். இப்படி எழுதினால் தனியாக அனுப்பிய பழி உன் மேல் விழும், பரவாயில்லையா?

"விழட்டும் அங்கிள். யார் மேலயாவது விழணும்ல? அவ மேலயே விழுந்துட்டு இருக்கு."

பழத்திலும் தகராறு. நெப்டியூன் இந்த அளவில் ஓர் ஆரஞ்சு. ஜெனிஃபர் கையில் ஆரஞ்சு கொடுத்தேன்.

"எட்டு கிலோமீட்டரு அதைக் கையில வச்சிக்கிட்டா நடப்பா? பாதி வழியிலேயே உரிச்சித் தின்னிருப்பா," என்றாள் பிலோமி.

"கிரகத்தையா?"

"அவளுக்கு என்ன கிரகம்? காலைல ஒண்ணும் சாப்பிடலயே அண்ணாச்சி."

எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டு ஆரஞ்சு. ஒன்று கிரகம், ஒன்று காலை ஆகாரம்.

5

[இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். கதை மட்டும் போதும் என்பவர்கள் தாண்டிப் போகலாம். பிலோமி தாண்டவில்லை.]

சூரியனைச் சுவரளவுக்குச் சுருக்கினால் ஒளியின் வேகத்தையும் அதே விகிதத்தில் சுருக்க வேண்டும். சுபாஷிணி சுருக்கிக் காட்டினாள். ஒளி சூரியனிலிருந்து பூமிக்கு எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்து டீக்கடைக்கு எட்டு நிமிடம்! மூட்டுவலி வந்த நானே அதைவிடச் சீக்கிரம் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நெப்டியூனுக்கு ஒளி போக நாலு மணி நேரம். ஜெனிஃபர் சாதாரணமாக நடந்தாலே அதில் பாதி நேரத்துக்குள் போய்விடுவாள். அதாவது அன்று காலை அந்தப் பெண் தில்லித் தெருக்களில் ஒளியைவிட வேகமாக நடந்தாள்.

இதன் பொருள் என்ன? ஒளியைவிட வேகமாகப் போகிறவளைப் பின்னாலிருந்து பார்க்க முடியாது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டிருப்பாள். போய்ச் சேர்ந்த காட்சி மட்டும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. பார்க்கிறவர்கள் காலியான சாலையைப் பார்த்துக்கொண்டு, ஓடிப்போய்விட்டாள் என்பார்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது பிலோமி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அந்த போலீஸ்காரன்கிட்ட இதைச் சொல்லியிருக்கணும்," என்றாள்.

6

இப்போது நான். பிள்ளைகள் எனக்கும் ஒரு பதவி கொடுத்திருந்தார்கள்: புளூட்டோ. கிரகப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது, தள்ளி நின்று சுற்றுவது, யாரும் எண்ணிக்கையில் சேர்க்காதது. ஓய்வுபெற்ற அரசு ஊழியனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் இருக்க முடியாது. நெப்டியூனுக்கும் அப்பால் என் இடம். கையில் ஒரு மிளகு.

வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. கோயில் படிக்கட்டின் கடைசிப் படிவரை எண்ணலாம். பதினோரு மணி வாக்கில் அவள் வந்தாள். பை முதுகில். ரிப்பன் ஒன்று அவிழ்ந்திருந்தது. குறித்த இடத்தில் நின்று, நகரத்தின் பக்கம் திரும்பி, ஆரஞ்சைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அங்கிருந்து சூரியனைத் தேடினாள் என்று நினைக்கிறேன். நெப்டியூனிலிருந்து சூரியன் வெறும் ஒரு பிரகாசமான புள்ளிதான்.

"டயர்டா இருக்கா அங்கிள் உங்களுக்கு?" என்று கேட்டாள். என்னை அவள்!

"நான் புளூட்டோ. எனக்கு எல்லாம் மெதுவாகத்தான்," என்றேன்.

சிரித்தாள். மேல்வரிசையில் பல் ஒன்று கொஞ்சம்

(பிலோமி இந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். பல்லைப் பற்றி எழுத வேண்டாம் என்றாள். போலீஸுக்குக் கொடுத்த அடையாளக் குறிப்பில் அது இருக்கிறது. சரி.)

சிரித்தாள். யாருக்கும் பயந்த முகம் இல்லை. யாரையும் எதிர்பார்த்த முகமும் இல்லை. பாடம் படிக்க வந்த பெண்ணின் முகம். இதை வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: பசியில் கோயிலுக்குள் போனாள், புளியோதரை வரிசையில் நின்றாள், அங்கே யாரோ அடையாளம் கண்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

"நல்லாருக்கு," என்றாள் பிலோமி. "நாங்க மாதா கோயிலுதான், ஆனா அவ புளியோதரைன்னா எந்தக் கோயில்னாலும் போவா." ஜன்னலைப் பார்த்தாள். "ஆனா வரலயே அண்ணாச்சி."

இரண்டாவது முடிவு: சாலையைக் கடக்கும்போது ஒரு பஸ்

"இல்ல. அப்படின்னா எனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள். இதைச் சொன்னது தாய் அல்ல, நர்ஸ். இந்த நகரத்தில் எந்த ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியிலும், எந்தப் பிணவறைக்குப் போகிற வராந்தாவிலும் ஒரு தமிழ் நர்ஸோ மலையாளி நர்ஸோ இருப்பார்கள். பிலோமி ஒவ்வொருவரிடமும் போட்டோ கொடுத்து வைத்திருக்கிறாள். பெயர் தெரியாத பெண் யார் வந்தாலும் முதலில் இவளுக்குப் போன் வரும். இதுவரை பல முறை வந்திருக்கிறது. போய்த் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து டூட்டிக்குப் போயிருக்கிறாள்.

மூன்றாவது முடிவு: ஆசிரியை கூப்பிடும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தாள். பாடவேளை முடிந்த மணி எட்டு கிலோமீட்டருக்குக் கேட்கவில்லை. ஆகவே ஜெனிஃபர் இன்னும் பாடத்தில் இருக்கிறாள். நெப்டியூன் சூரியனை ஒரு தடவை சுற்ற நூற்று அறுபத்தைந்து வருஷம் ஆகும். கிளம்பின இடத்துக்குத் திரும்பி வர அவளுக்கு

என்னால் இதை முடிக்க முடியவில்லை.

பிலோமியிடம் கேட்டேன், எது வேண்டும் என்று.

"முடிவு வேணாம் அண்ணாச்சி. நீங்க அந்த ஆறாவது பகுதியோட நிறுத்துங்க. அவ நிக்கா, சிரிக்கா. வயித்துக்குச் சாப்பிட்டிருக்கா. கூட நம்ம ஆளு நீங்க இருக்கீய. அது போதும்."

"படிக்கிறவர்கள் முடிவு கேட்பார்களே?"

"கேட்டா அவங்களே எழுதிக்கட்டும். அவங்க பிள்ளையா?"

ஆகவே உங்களிடம் விடுகிறேன். எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஓடிப்போனாள் என்பதைத் தவிர. பாடம் நடந்தது, அவள் அதற்குத்தான் போனாள். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

இன்னும் ஒரு தகவல் மட்டும். ஜெனிஃபர் கிளம்பிப் போன அந்த வாரம் காற்று மூச்சுவிட முடியாதபடி கெட்டுப்போயிருந்ததால், தில்லியில் எல்லாப் பள்ளிக்கூடங்களும் மூடிக் கிடந்தன.