செல்லிக்குக் கொடுத்த இட்லி

இரவு எட்டு மணிக்கு மேல் செல்லிக்குத் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் ஜெயசித்ரா முந்தின நாளே சொல்லியிருந்தார். சீட்டிலும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், படிக்கவும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

செல்லி என் மனைவி கண்ணகி வளர்த்த நாட்டு நாய். ஒன்பது வயது. நான்கு நாளாகச் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல், தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தது. செந்துறையிலிருந்து பக்கத்து வீட்டு அரியமுத்துவின் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, பெரம்பலூரில் இருக்கும் நாய், பூனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வயிற்று முடியை மழித்து ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் எனக்கு வெறும் கருப்பும் வெள்ளையும்தான் தெரிந்தது.

"கர்ப்பப்பை பூரா சீழுங்க. நாளைக்குக் காலையில எடுத்துட்டா பொழச்சுக்கும்," என்றார் டாக்டர். ட்ரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்.

மறுநாள் காலை போகிற வழியில் அரியமுத்து டீ குடிக்க வண்டியை நிறுத்தினான். நான் எனக்கென்று இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு வண்டியின் பின்னால் வந்து உட்கார்ந்தேன். செல்லி தலையைத் தூக்கியது. மெல்ல நகர்ந்து வந்து என் முழங்காலில் மூக்கை வைத்து இலையைப் பார்த்தது. நாலு நாளைக்குப் பிறகு அதற்குப் பசிக்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கண்ணகிக்குப் பித்தப்பையில் கல். திருச்சியில் ஆபரேஷன். காலை ஆறு மணிக்கு என்றவர்கள் மதியம் மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள்.

"வவுறு காந்துதுங்க. ஒரே ஒரு இட்லி குடுங்க," என்று கேட்டாள்.

"டாக்டர் வேணாம்னு சொல்லிருக்காருல்ல. செத்த நேரம் வாய மூடிட்டு இரு," என்றேன். நான் சட்டம் பேசுகிற ஆள்.

உள்ளே போனவள் திரும்பவில்லை. மயக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். காரியத்தன்று இலை நிறைய இட்லி வைத்துப் படைத்தோம். காக்கா தின்றது. அன்றிலிருந்து என் மனதில் ஒன்றே ஒன்றுதான். பெண்டாட்டியைப் பட்டினி போட்டு அனுப்பினவன் நான்.

இரண்டு இட்லியையும் பிட்டுப் பிட்டுச் செல்லிக்கே ஊட்டினேன். விரலை நக்கியது. வாலை ஆட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "வயிறு காலியாத்தானேங்க இருக்கு?"

"ஆமாங்க," என்றேன்.

உண்மையைச் சொன்னால் திட்டுவாரே என்ற பயம். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு பயம். நாய்க்கு இரண்டு இட்லி என்ன செய்துவிடும் என்ற நினைப்பு வேறு. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். செல்லியை உள்ளே தூக்கிப் போனார்கள்.

டாக்டர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்.

"மயக்க ஊசி போட்டதும் வாந்தி எடுத்துருச்சுங்க. நுரையீரலுக்குள்ள எறங்கிருச்சு. உறிஞ்சி எடுத்துப் பாத்தோம், முடியல." கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இட்லிங்களா?"

"ரெண்டுங்க."

"இதுக்குத்தாங்க பட்டினி போடச் சொல்றது. மனுசங்களுக்கும் இதே கததான்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணகிக்கு அன்று இட்லி கொடுக்காதது சரிதான். ஏழு வருஷமாக, செய்யாத தப்புக்கு அவள் போட்டோவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அந்தத் தப்பைத் திருத்துவதாக நினைத்துத்தான் இன்று ஒரு தப்பைச் செய்திருக்கிறேன். அழுகை வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி வைத்த கால் மாதிரி உடம்பெல்லாம் மரத்திருந்தது.

செல்லியைச் சாக்கில் சுற்றி வண்டியில் படுக்க வைத்தோம். திரும்பும்போது அரியமுத்து அதே கடையில் நிறுத்தினான்.

"காலையிலேருந்து நீங்க ஒண்ணும் திங்கலையே மாமா. வாங்க."

வண்டியை விட்டு இறங்கினேன். போய் உட்கார்ந்தேன். மணி பதினொன்று. கடையில் இரண்டு இட்லிதான் மிச்சம் இருந்தது. இலையில் வைத்தார்கள். பிட்டு வாயில் போட்டேன். எந்த ருசியும் தெரியவில்லை. இரண்டையும் தின்று முடித்தேன்.