பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே

சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, காரின் வயிற்றுக்குக் கீழே தலையை நுழைத்திருந்தார் டிங்கர். மூக்குக்கு நாலு விரல் மேலே துரு. கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் அடிப்பட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக ஒரு குத்து குத்தினார். முனை தடையில்லாமல் உள்ளே போனது. ஒரு பிடி சிவப்புத் தூள் அவர் முகத்தில் கொட்டியது.

"என்ன மேஸ்திரி, சொத்தையா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"சொத்தைதான் சார். ரெண்டு பக்கமும் வேரோட போயிருக்கு."

"எத்தனை அடி?"

"முழுசும்தான்."

"முழுசும்னா? அளந்து சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

கேட்டவர் பல் டாக்டர். முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு நீள நோட்டை வைத்திருந்தார். அறுபது வருஷத்துப் பழைய அந்தக் காரை ஏலத்தில் எடுத்து, வீட்டின் பின்பக்கத்து ஷெட்டில் நிறுத்தியிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நல்ல பாகத்தை உருவிக்கொண்டு ஓட்டை உடைசலை மாட்டி அனுப்புவார்கள் என்பது அவர் கட்சி. அதனால் திருகாணியிலிருந்து பெயிண்ட் வரை எல்லாம் வீட்டிலேயே, தன் கண்முன்னாலேயே நடக்க வேண்டும். அதற்கு முதலில் திட்டம். எது முன்னே, எது பின்னே, என்ன தகடு, என்ன கனம், எத்தனை நாள் என்று படிப்படியாக நோட்டில் ஏறின பிறகுதான் சுத்தியல் காரைத் தொடலாம்.

அந்த நோட்டைப் பார்த்ததுமே டிங்கருக்குப் பழசு ஞாபகம் வந்தது. சூடு கண்டவர். இருபத்திரண்டு வருஷம் அவர் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில், போன வருஷம் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு இன்ஜினியர் வந்து ஒரு வாரம் அவர் பக்கத்திலேயே நின்றார். நெளிந்த தகட்டை எப்படி எடுக்கிறீர்கள், ஏன் இங்கே சூடு காட்டுகிறீர்கள், ஏன் அங்கே தட்டவில்லை என்று "அண்ணே, அண்ணே" போட்டுக் குழைந்து குழைந்து கேட்டார். டிங்கரும் உச்சி குளிர்ந்துபோய் ஒன்றுவிடாமல் சொன்னார். சொன்னதெல்லாம் கைக்கு வந்ததும், மாசக் கடைசியில் டிங்கர் பிரிவையே மூடிவிட்டார்கள். அவரும், அவர் காட்டின இடத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த, தடித்த கண்ணாடிக்காரன் சோடாபுட்டியும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். அன்றிலிருந்து ரோட்டோரமாக ஸ்கூல் வேன்களுக்கு நெளிசல் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் வேன் எங்கேயாவது போய் இடித்தால்தான்.

இந்தக் கார் கிடைத்தால் எட்டு மாசத்துக்குக் கவலையில்லை. ஒரே இடம், தலைக்கு மேலே கூரை, விடிந்தால் வேலை. அதனால்தான் கூலி பேசாமலேயே வந்து படுத்துவிட்டார். வாயைத் திறந்து காட்டினாலே ஃபீஸ் வாங்குகிற டாக்டர், காரைத் திறந்து காட்டியவருக்கு ஒரு டீ கொடுத்தார்.

"வேலை ஆரம்பிக்கட்டும். எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துக்கலாம் மேஸ்திரி."

இரண்டாவது நாளும் போய்விட்டு வந்து, மனைவியிடம் புலம்பினார். அவள் தையல் கம்பெனியில் காஜா எடுப்பவள். வீட்டுக்கு வந்தால் எரிகிற கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவாள்.

"அந்த ஆளு எழுதிக்கிட்டே இருக்கான். எனக்கு என்னமோ சரியாப் படல."

"எழுதாம? நீங்க பேசுறது ஒரு தடவை கேட்டாப் புரியுமா? இத்தனை வருஷமா எனக்கே புரியல."

"போனை வேற அலமாரியில நிறுத்தி வச்சிருக்கான். அது என்னையே பாத்துக்கிட்டிருக்கு."

"உங்க அழகுல மயங்கிப் பாக்குது." அவள் கண்ணைத் திறந்தாள். "இங்க பாருங்க, சும்மா சந்தேகப்பட்டு வர்ற வேலையைக் கெடுத்துக்காதீங்க. அவரு என்ன சுத்தியல் பிடிக்கவா போறாரு? எப்படியும் ஒரு ஆளு வேணும்ல?"

"ஆளு வேணும். அது நானாத்தான் இருக்கணும்னு என்ன இருக்கு?"

அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

மூன்றாவது நாள் ஷெட்டுக்குள் நுழைந்ததும் டிங்கரின் கண்ணில் பட்டது, பின்கதவுக்குக் கீழே ஒரு மஞ்சள் சாக்பீஸ் கோடு. அவர் வெள்ளை சாக்பீஸ் தவிர வேறு வைத்துக்கொள்வதில்லை. கோட்டின் முனையில் சின்னதாக ஒரு குறுக்குவெட்டு. வெட்டு இங்கே முடியும் என்பதற்குத் தொழில் தெரிந்தவன் போடுகிற அடையாளம்.

"இது யாரு சார் போட்டது?"

டாக்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதுவா? நான்தான், சும்மா."

சும்மா போடுகிற கோடு இவ்வளவு நேராக இருக்காது. யாரோ வந்திருக்கிறான். வந்து, பார்த்து, விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அலமாரியில் போன் நின்றது. அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"எங்க விட்டோம்? பன்னெண்டு, கதவைக் கழட்டுறது. பதிமூணு, சீட்டு, தரைவிரிப்பு, ஒயரு எல்லாம் வெளிய எடுக்கிறது." டாக்டர் பேனாவை நோட்டில் ஊன்றினார். "பதினாலு?"

பதிமூன்றுக்கு அப்புறம் செய்ய வேண்டியது டிங்கருக்கு அத்துப்படி. கதவு இருந்த இடைவெளிகளில் இரும்புப் பைப்பைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்து வெல்டு அடிக்க வேண்டும். இந்த மாதிரிக் காரில் மொத்தக் கனத்தையும் தாங்குவது தரையும் அடிப்பட்டையும்தான். பைப் வைக்காமல் அடிப்பட்டையை வெட்டினால் நடு உடம்பு கீழே இறங்கிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் கதவு மூடாது. ஒர்க்‌ஷாப்பில் இப்படி முழுசாக வெட்டின வண்டிகள் மூணோ நாலோதான். எல்லாம் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கையால் நடந்தது.

"பதினாலு, அடிப்பட்டையை வெட்டி எடுக்கிறது" என்றார் டிங்கர்.

"நேரா வெட்டிடலாமா? அதுக்கு முன்னாடி எதுவும் வேண்டாமா?"

"எதுவும் வேண்டாம் சார்."

"வெட்டினா பாடி தாங்குமா?"

"தாங்கும்."

டாக்டர் எழுதினார். எழுதினதை ஒருதரம் வாய்விட்டுப் படித்தும் காட்டினார். டிங்கர் தலையாட்டினார். வேலை தனக்கு வந்தால் பைப்பை வைக்கத் தெரியாதா என்ன? வேறு எவனாவது வந்தால், அந்த நோட்டையே முட்டுக் கொடுத்துக்கொள்ளட்டும். திரும்பி வரும்போது அவருக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

"சொல்லி அனுப்புறேன்" என்றிருந்தார் டாக்டர். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. போன் போட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாவது வாரம் மனசு கேட்காமல் அந்தத் தெரு வழியாக சைக்கிளை விட்டார். டாக்டர் வீட்டு கேட்டுக்கு வெளியே நீலப் பெயிண்ட் அடித்த மூன்று சக்கர வண்டி நின்றது. அதில் இரண்டு கேஸ் சிலிண்டர், பழைய டியூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த முடிச்சை அவர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பார். சோடாபுட்டியின் வண்டி.

அன்று அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கூடப்பிறந்தவன் மாதிரி பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, கடைசியில் அவர் சோற்றிலேயே மண்ணள்ளிப் போட்டிருக்கிறான். மஞ்சள் சாக்பீஸும் அவன்தான். கூலியைக் குறைத்துக் கேட்டவனும் அவன்தான். யார் சொன்ன திட்டம் என்று தெரிந்தே கையில் வாங்கியிருப்பான். தெரியாமல் எப்படி இருக்கும்?

இரண்டு நாள் கழித்து டீக்கடை வாசலிலிருந்து சோடாபுட்டி கையைத் தூக்கிக் கூப்பிட்டான். "அண்ணே! அண்ணே! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ஒரு விஷயம் கேக்கணும்!"

டிங்கர் காது கேட்காதவர் போல சைக்கிளை மிதித்தார். முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு "அண்ணே" கேட்டது. திரும்பவில்லை.

அடுத்த மாசம் முதல் வாரத்தில் டாக்டரே போன் செய்தார். "மேஸ்திரி, கொஞ்சம் உடனே வரமுடியுமா?" குரலில் பழைய மிடுக்கு இல்லை. டிங்கர் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மனைவியிடம், "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். என்ன சொன்னார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஷெட்டில் கார் நடுவில் தொய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் அடிப்பட்டை புதுசு. வெல்டிங் தையல் போட்டது போல ஒரே சீராக இருந்தது. அந்தக் கை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூரைத் தகட்டில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. பின்கதவைத் தூக்கி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மேல்மூலை இரண்டு விரல்கடை தூணின் மேல் ஏறி நின்றது.

சோடாபுட்டி சுவரோரம் நின்றான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பாத்தீங்களா மேஸ்திரி, இவன் பண்ணி வச்சிருக்கிறதை?" என்றார் டாக்டர். "நோட்டுல இருக்கிறபடியே செஞ்சேன்னு சாதிக்கிறான். நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்?"

சோடாபுட்டி துடைப்பதை நிறுத்தினான். "அண்ணே, நீங்களா? நோட்டு நீங்க சொன்னதா?" என்றான். "யாரோ வெளிநாட்டு இன்ஜினியர் போட்ட திட்டம்னாரு. வெட்டுறதுக்கு முன்னாடி எனக்கு மனசுக்குள்ள உறுத்திச்சு. அதைக் கேக்கத்தான் அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டேன். உங்க வாயால வந்ததுன்னு தெரிஞ்சிருந்தா வீட்டுக்கே வந்திருப்பேனே."

டிங்கருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைக்கூடத் திறந்தார். அதற்குள் டாக்டர் நோட்டை அவர் முன்னால் விரித்தார். பதினான்காவது படிக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

"பாடி தாங்குமான்னு கேட்டேன். தாங்கும்னீங்க. போன்லயும் இருக்கு. இல்லைன்னா சொல்லிடுங்க, நான் வேற யாரையாவது பாத்துக்கிறேன். ஆமான்னா, இனி முழு வேலையும் உங்க கையில. எட்டு மாசமோ பத்து மாசமோ."

டிங்கர் நோட்டைப் பார்த்தார். சோடாபுட்டியைப் பார்க்கவில்லை.

"தாங்கும்தான் சார்" என்றார். "முறையா வெட்டியிருந்தா."

"கேட்டுக்கிட்டியா?" டாக்டர் சோடாபுட்டியின் பக்கம் திரும்பினார்.

சோடாபுட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

டாக்டர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதினார். தன் கவனக்குறைவால் வண்டி பாழானது; அது சரியாகும்வரை கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்கச் சம்மதம்; சிலிண்டர் இரண்டும் வெல்டிங் சாமானும் அதுவரை ஷெட்டிலேயே இருக்கும். சோடாபுட்டி தாளைக் காரின் முன்மூடியில் வைத்து, மூக்கு உரசக் குனிந்து, எழுத்தெழுத்தாகப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

"மேஸ்திரி, நீங்க சாட்சி. கீழ போடுங்க."

டிங்கர் போட்டார்.

"இப்ப முதல்ல என்ன பண்ணணும்?" டாக்டர் நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினார்.

"பைப் வேணும் சார். இறங்கினதை ஜாக்கி வச்சுத் தூக்கி, அப்படியே நிறுத்திப் பிடிக்க."

மூலையில் சாத்தியிருந்த இரும்புப் பைப்புகளில் ஒன்றை சோடாபுட்டியே போய் எடுத்துவந்தான். கதவு இல்லாத அந்த இடைவெளிக்குள் கால் வைத்து ஏறி, பைப்பின் ஒரு முனையைக் கீழ்மூலையிலும் மறு முனையை எதிர்த் தூணின் மேல்மூலையிலும் பொருத்திப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. பைப்பைப் பார்த்தான், வெட்டின இடத்தைப் பார்த்தான், மறுபடி பைப்பைப் பார்த்தான். பதினோரு வருஷம் வெல்டிங் பிடித்தவனுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவன் தலையைத் திருப்பி டிங்கரைப் பார்த்தான்.

"பைப் என்ன அளவு மேஸ்திரி?" என்று டாக்டர் கேட்டார், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

டிங்கர் அளவைச் சொன்னார். டாக்டர் எழுதினார். சோடாபுட்டி பைப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.

"இதே இடம்தானேண்ணே?" என்றான். "சொல்லுங்க, வச்சிடறேன்."