உள்ளே விட்ட துணி

தேர்தலுக்கு நாற்பத்தொரு நாள் இருக்கும்போது தையல்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய நிழல் மட்டும் கூடப் போகவில்லை. பட்டப்பகலில், இரண்டு பேர் பேண்ட்டுக்கு அளவு கொடுக்க நின்றுகொண்டிருந்தபோது ஜீப் வந்தது. எதிர்க்கட்சிக்கு முந்நூறு கொடி தைத்தார் என்பது குற்றம். ஆளுங்கட்சிக்கு ஐந்நூறு தைத்திருந்தார், அதே மெஷின், அதே நூல்; அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கையிலிருந்த ஊசியோடு ஜீப்புக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, மெஷினுக்குப் பின்னாலிருந்த சுவரில் அவருடைய நிழல் நின்றுகொண்டிருந்தது. காதில் செருகிய பென்சில்கூட அப்படியே இருந்தது. "நீங்களாவது இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு அதன் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

மற்ற நிழல்களைப் போல அது காலையில் நீளவும் இல்லை, உச்சிவெயிலில் சுருங்கவும் இல்லை. வெயிலுக்குக் கட்டுப்படாமல் அவருக்கே கட்டுப்பட்டிருந்தது. அவர் அங்கே உட்கார்ந்தால் அது இங்கே உட்கார்ந்தது. முதல் நாள் மாலையே பென்சில் காணாமல் போயிற்று, பிடுங்கியிருப்பார்கள். மூன்றாம் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்த நிழல் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. காவல் நிலையத்தில் போய்க் கேட்டால், அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்றார்கள். அவளுக்கு மனு எழுதத் தெரியாது, அளவெடுக்கத் தெரியும். மேசையில் விரித்த சட்டையை அளப்பதுபோல் நிழலைக் குறுக்காக அளந்து, இரட்டிப்பாக்கி, வாடிக்கையாளர் அளவு நோட்டில் தனிப்பக்கம் போட்டு எழுதினாள். மார்பு முப்பத்தெட்டு. நான்காம் நாள் முப்பத்தேழு. பத்தாம் நாள் முப்பத்தைந்தரை. இடது தோள் வலது தோளைவிட ஓர் அங்குலம் கீழே.

வெளிநாடுகள் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு நாடு கவலை தெரிவித்தது. இன்னொரு நாடு ஆழ்ந்த கவலை தெரிவித்தது. மூன்றாவது நாடு அந்த இரண்டையும்விட ஆழமாகக் கவலைப்படுவதாக அறிவித்தது. கவலை கீழே இறங்க இறங்க மார்பளவும் கூடவே இறங்கியது. தேர்தலைப் பார்வையிட வந்தவர்களில் எட்டுப் பைகள் வைத்த மேல்கோட்டு போட்ட ஓர் அம்மாள் இருந்தார். தெரு அவருக்கு எட்டுப்பை என்று பேர் வைத்துவிட்டது. அவர் கொண்டுவந்த படிவத்தில் நிழலுக்கென்று இடம் எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோட்டின் ஆறாவது பையில் தையல் விட்டிருந்ததைக் கவனித்த மனைவி, கேட்காமலே கோட்டை வாங்கித் தைத்துக் கொடுத்தாள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தயங்கினார்.

"நிழலுன்னு எழுதினா யாரும்மா நம்புவாங்க?"

"நிழலுன்னு எழுத வேண்டாங்க. அளவுன்னு எழுதச் சொல்லுங்க."

அளவு நோட்டின் அந்தப் பக்கம் அவருடைய அறிக்கையின் கடைசித் தாளாகப் போனது. அறிக்கைகளைக் கடைசித் தாள் வரை படிக்கிறவர்கள் குறைவு. ஆனால் ஏதோ ஓர் ஊர்ப் பத்திரிகை அதை மட்டும் கட்டம் கட்டிப் போட்டது. அதைத் தையல்காரர்கள் படித்தார்கள். பதினாறு நாளில் மார்பு நாலு அங்குலம் குறைந்தால், ஒரு தோள் மட்டும் இறங்கினால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிறைக்குக் கடிதம் போட்டார்கள், தங்கள் வாடிக்கையாளர்களையும் போடவைத்தார்கள். முதல் கடித மூட்டை சிறைக்கு வந்த அன்று நிழல் தண்ணீர் குடித்தது. இரண்டாவது மூட்டைக்குப் போர்வை வந்தது. அதிகாரிகள் சுவருக்கு வெள்ளையடித்துப் பார்த்தார்கள். நிழல் சுண்ணாம்புக்கு மேலே இன்னும் பளிச்சென்று வந்து நின்றது. துறைமுக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாடு, மார்பு முப்பத்தெட்டு ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. அது என்ன முப்பத்தெட்டு என்று அமைச்சர் கேட்க, செயலாளர் தன் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். சுவரைக் காவல்காக்க வந்த போலீஸ்காரரே, ஒருவாரத்தில், வந்ததும் வராததுமாக "இன்னிக்கு எவ்வளவும்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். "முப்பத்தி நாலரை" என்றால் "அரை ஏறியிருக்கே" என்று அவர் முகமும் மலரும்.

தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னால் அவரை விட்டார்கள். தெருவில் நடந்து வந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு மட்டும் தெரிந்தது. நிழல் சுவரிலிருந்து இறங்கி, தரையில் நகர்ந்து, அவர் காலோடு ஒட்டிக்கொண்டது. அந்த வாரம் தைத்து வைத்திருந்த சட்டையை அவள் எடுத்துக் கொடுத்தாள். அச்சாகப் பொருந்தியது, இறங்கிய தோள் உட்பட.

அவர் பழக்கதோஷத்தில் பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார். "உள்ள இவ்வளவு துணி விட்டிருக்கியே."

"பின்ன? பிரிச்சுவிட வேண்டாமா?"

அப்போதுதான் அவர் அழுதார். அழுது முடித்ததும் நோட்டை எடுக்கச் சொன்னார். உள்ளே இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய நிழல்கள் அவர்களோடே போய்விட்டதால் எந்த அறிக்கையிலும் அவர்கள் இல்லை. சிறை முற்றத்தில் நடக்கவிடும் பத்து நிமிடத்தில் அவர்களைக் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகச் சொல்ல அவள் எழுதினாள். அந்தப் பக்கமும் எட்டுப்பைக்குப் போனது, மறுபடியும் மூட்டைகள் வந்தன.

தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் பிடித்துக்கொண்டு போன கொடியும் இவர் தைத்ததுதான். அவருடைய சட்டையை மூன்று முறை பிரித்துவிட்டு, மறு வருஷ மழைக்காலத்தில் முப்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். துறைமுக ஒப்பந்தமும் கையெழுத்தானது. பதினொரு பேருக்கும், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் உள்ளே விட்டு, சட்டை தைத்துக் கம்பியில் மாட்டியிருந்தார்கள். நாலு வருஷத்தில் ஒன்பது பேர் வந்து போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு சட்டைகள் இன்னும் தொங்குகின்றன. அவற்றின் நிழல் சுவரில் விழும்போது தலையும் கைகளும் சேர்ந்தே விழுகின்றன. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அவர் நோட்டைப் பிரித்து வைக்கிறார், அவள் டேப்பை எடுத்துக்கொண்டு சுவரிடம் போகிறாள்.