பின்கட்டுக்குப் போன சத்துரு

எனக்கு வாழ்க்கையில் பெரிய எதிரிகள் யாரும் வாய்க்கவில்லை. அதற்குச் சொத்தோ பதவியோ, குறைந்தபட்சம் பார்க்க லட்சணமான முகமோ இருக்க வேண்டும். நான் ஒரு மரச்சாமான் பட்டறையில் வார்னிஷ் அடிக்கிறவன். ஆகவே கடவுள் என் தகுதி பார்த்து ஒரே ஒரு எதிரியை, அதே பட்டறையில், அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தார். அவன் தச்சு வேலைக்காரன்.

எங்கள் பகை என்னவென்று கேட்டால் வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும். தூசி. அவ்வளவுதான். வார்னிஷ் அடித்த பலகை காய்கிற வரைக்கும் அதன் மேல் துளி தூசி படக்கூடாது. பட்டால் காய்ந்த பிறகு பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று நிற்கும். நான் கடைசிப் பூச்சு அடித்து முடித்துத் தூரிகையைத் துடைக்கிற நேரம் பார்த்து அவன் தேய்க்கிற மிஷினைப் போடுவான். மாவு சலித்தது போல அறை முழுக்க மரத்தூள் எழும்பும். நான் போய் ஜன்னலைச் சாத்துவேன், காற்றடித்துத் தூள் என் பக்கம் வராமலிருக்க. அவன் வந்து திறப்பான். நான் சாத்துவேன். அவன் திறப்பான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினதெல்லாம் ஜன்னல் கொக்கிதான்.

போதாததற்கு ஒரு இருமல் வேறு. நான் டப்பா மூடியைத் திறந்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு லொக்கு லொக்கு என்று இருமுவான். அது என்னைக் குத்திக் காட்டுவதற்காகவே இருமுகிற இருமல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகப்படுவதற்குக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டுமே, அந்தப் பழக்கம் நமக்கு ஏது?

இதில் என் பிழைப்பு மாட்டிக்கொண்டதுதான் வினை. பெரிய வீடு ஒன்றுக்கு அனுப்பிய சாப்பாட்டு மேஜை சொரசொரவென்று இருக்கிறதென்று திரும்பி வந்துவிட்டது. முதலாளி மேஜையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை அடிச்சுக் குடுங்க. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா பாலிஷ் வேலையை வெளிய குடுக்க வேண்டியதுதான். கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் நரைத்த தலையோடு இன்னொரு பட்டறை வாசலில் போய் நின்றால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். நிஜமாகவே பயந்துபோனேன். பயந்தவன் செய்கிறதைத்தான் நானும் செய்தேன், முழங்கால் போட்டேன்.

முதலில் சின்னதாகக் கேட்டுப் பார்த்தேன். "ஆண்டவரே, அவன் மிஷினை நிறுத்தும்" என்றேன். மறுநாளே மின்சாரம் போய்விட்டது. மிஷின் நின்றது. கூடவே என் மின்விசிறியும் நின்றது. வார்னிஷ் சாயங்காலம் வரை காயாமல் பிசுபிசுத்து, அறையில் இருந்த கொசுவெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. கடவுளிடம் பேசும்போது விவரமாகச் சொல்ல வேண்டும் என்று அன்று புரிந்துகொண்டேன்.

என் மனைவிக்கு இந்த வழக்கே பிடிக்கவில்லை.

"போய் அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"ஆண்டவர்கிட்டயே பேசிட்டிருக்கேன். இவன்கிட்ட என்ன தனியா பேச்சு?"

"ஆண்டவர் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போற ஆளா?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.

எங்கள் சபையில் போன் ஜெபம் என்று ஒன்று உண்டு. யாருக்குக் கஷ்டமோ அவர் போதகர் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்வார். போதகரம்மா அதை ஒருவரிடம் போனில் சொல்ல, அவர் ஜெபித்துவிட்டு அடுத்தவரிடம் சொல்ல, அப்படியே ஊர்கோலம் போகும். பேர் சொல்லக்கூடாது, என்ன தொழில், எந்த இடம் என்றும் சொல்லக்கூடாது. முன்பு பேர் சொல்லிப் பார்த்தார்கள். கடைசி ஆளிடம் போய்ச் சேருவதற்குள் அது கண் காது மூக்கு வைத்த கதையாகி, இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுப்பாடு.

நானும் போதகரம்மாவைக் கூப்பிட்டேன். "கூட வேலை செய்யற ஆளு ஒருத்தன் என் வேலையைக் கெடுக்கறான்மா. எனக்கு நியாயம் கிடைக்கணும்" என்றேன். "கண்டிப்பா சொல்றேன்" என்றார்கள். மனசுக்கு இதமாக இருந்தது. முகம் தெரியாத அத்தனை பேர் அவனுக்கு எதிராக மண்டியிடப் போகிறார்களே.

அடுத்த சில நாட்களில் எனக்கு வேறொரு விண்ணப்பம் வந்தது. போதகரம்மாவே கூப்பிட்டார்கள்.

"ஒரு சகோதரர் வேலை செய்யற எடத்துல, ஒரே ரூம்ல இருக்கற ஒருத்தரால ரொம்ப அவஸ்தைப்படறாராம். உடம்பே கெட்டுப்போகுதாம். அந்த ஆளு அந்த ரூமை விட்டுப் போகணும்னு ஜெபிச்சுக்குங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் போலவே எங்கோ ஒரு அப்பாவி! அன்றிலிருந்து எனக்காக ஜெபித்ததைவிட அவனுக்காக ஜெபித்ததுதான் அதிகம். விடியற்காலையில் அடுப்படி ஓரத்தில் மண்டியிட்டுப் பொரிந்து தள்ளினேன். "ஆண்டவரே, பக்கத்தில் ஒருத்தன் வாடுவது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கல்நெஞ்சனைப் பாரும். அவனுக்கு அப்படி என்ன திமிர்? சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்குவது போல அந்த அறையிலிருந்து அவனைப் பிடுங்கி எறியும். சட்டி பெட்டியோடு துரத்தியடியும்."

மனைவி தேநீர்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "யாருக்குங்க இவ்வளவும்?"

"யாருன்னு தெரியாது. ஒரு நல்ல ஜீவன்."

அதோடு விட்டேனா? ஒரு நாள் உபவாசம் வேறு இருந்தேன். பசி வந்தால் பத்தும் பறந்துபோகிற எனக்கு அது சாமானியமான காரியமில்லை. மத்தியானத்துக்குள் நாற்காலிக் காலில் அடிக்க வேண்டிய வார்னிஷை என் கால்சட்டையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் தளரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, உபவாசம் இருந்த விவரத்தைப் போதகரம்மாவிடம் போனில் சொல்லியும் வைத்தேன்.

பலன் வந்தது. ஆனால் எனக்கில்லை. ஒருநாள் காலை முதலாளி அறைக்குள் வந்தார். நான் திரும்ப அடித்து வைத்திருந்த மேஜையில் மறுபடியும் தூள் படிந்திருந்ததைப் பார்த்தார். ஜன்னலோரம் நின்று இருமிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க சாமானெல்லாம் எடுத்துட்டு பின்கட்டுக்குப் போயிருங்க. அங்க இருக்கற தகரக் கொட்டகையை ஒழிச்சு வெக்கச் சொல்லிட்டேன்."

இன்று பின்கட்டு, நாளைக்குத் தெரு என்றுதான் தோன்றியது. டப்பாக்களையும் தூரிகைகளையும் வாரிக்கொண்டு, கந்தல் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகிறவன் மாதிரி கிளம்பினேன். மேஜையை ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. கூப்பிடாமலே அவன் வந்து மறுமுனையைப் பிடித்தான். வாசல் நிலையில் இடிக்காமல் பார்த்துப் பார்த்துத் திருப்பி, வழியெல்லாம் இருமிக்கொண்டே கொட்டகை வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தோற்றவனை வழியனுப்பக்கூட வருகிறானே, எவ்வளவு கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ஜெபத்தில் நன்றாகவே சண்டை போட்டேன். "அவனைக் கிளப்பச் சொன்னால் என்னைக் கிளப்புவதா? விலாசம் மாறிப்போச்சா?" என்று கேட்டேன்.

கொட்டகையில் வெயில் காய்ந்தது. ஒரு பல்லியைத் தவிர பேச்சுத்துணை கிடையாது. ஆனால் தூசியும் கிடையாது. மேஜையைத் தேய்த்து மறுபடி அடித்தேன். காய்ந்த பிறகு குனிந்து பார்த்தால் என் முகம் மூக்கு முடி முதற்கொண்டு தெரிந்தது. முதலாளி தடவிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். மேஜை போனது, திரும்பி வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தப்பாகத் தண்டித்ததற்குக் கடவுள் நஷ்டஈடு தருகிறார் போல என்று பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

கவிழ்த்துப் போட்ட டப்பா மேல் உட்கார்ந்து தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. போதகரம்மா.

"ஸ்தோத்திரம்! அந்த சகோதரருக்காக ஜெபிச்சீங்களே, ஆண்டவர் கேட்டுட்டார்."

"அந்தக் கல்நெஞ்சன் ஒழிஞ்சானாம்மா?" என்றேன் ஆவலாக.

சந்தோஷத்தில் போதகரம்மா தான் போட்ட கட்டுப்பாட்டையே மறந்துவிட்டார்கள். "முதலாளி அந்த ஆளைப் பின்கட்டுல ஏதோ தகரக் கொட்டகைக்கு மாத்திட்டாராம். இப்ப ரூம்ல அந்த நெடியே இல்லையாம். சகோதரருக்கு இருமல் நின்னு, நல்லா தூங்கறாராம்."

நான் தகரக் கூரையைப் பார்த்தேன். பல்லி என்னைப் பார்த்தது.

"கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"நீங்க உபவாசமெல்லாம் இருந்தீங்கன்னு சொன்னேன். அவங்க வீட்டம்மா உங்களைப் பாத்து நன்றி சொல்லணுமாம். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் போயிராதீங்க."

போனை வைத்துவிட்டு, வார்னிஷில் கலக்கிற தின்னர் டப்பாவை மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ வருஷமாக இதையே மோந்து மோந்து என் மூக்கு எப்போதோ கைகழுவிவிட்டது. என் சட்டையை மட்டும் மனைவி தனியாக வெளியே கட்டித் தொங்கவிடுவாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மனிதர் ஜன்னலைத் திறந்தது மூச்சு விடுவதற்கு. இருமியது இருமல் வந்ததால். நான் அந்த ஜன்னலை மூடி மூடி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் எங்கோ வலிக்கவும் செய்தது. அழுது, பட்டினி கிடந்து, என்னை நானே சட்டி பெட்டியோடு துரத்தியடித்த பக்தன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்து படுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நெற்றி ஜில்லென்று இருந்தது. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "வாங்க, வந்து நன்றியை வாங்கிக்குங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஆராதனை முடிந்து, வாசல் படியருகே போதகரம்மா ஒரு ஒல்லியான பெண்ணை அழைத்து வந்தார்கள். வேறு நேரத்து ஆராதனைக்கு வருகிறவள், நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பின்னால், தேய்த்த சட்டையில், தலை வாரி, என் சத்துரு. சபைப் பக்கமே வராத மனிதர் நன்றி சொல்வதற்காக வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பெண் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, யாரு எவருன்னு தெரியாமலே இவருக்காக அழுதீங்களாமே. பட்டினி கூட கிடந்தீங்களாமே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவள் தலைக்கு மேலே அவர் என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, விரிந்தது. கணக்குப் போட்டு முடித்துவிட்டார் என்று தெரிந்தது.

"நானும் சும்மா இருக்கல அண்ணே. யாரோ ஒரு அண்ணனோட வேலையை ஒரு பாவி கெடுக்கறானாம், பொழப்புக்கே ஆபத்தாம். அந்த ஜெபம் எனக்கு வந்துச்சு. அந்தப் பாவி கையை அடக்கும் ஆண்டவரேன்னு தினமும் கேட்டேன். பக்கத்துல உக்காந்து இவரும் சத்தமா ஆமென் சொல்வாரு."

அவருக்கு இருமல் வந்தது. இந்த முறை வார்னிஷ் மேல் பழி போட முடியாது.

"அந்த அண்ணனுக்கு நியாயம் கிடைச்சுச்சா தெரியல" என்றாள் கவலையோடு.

"கிடைச்சுருச்சும்மா. வேலை தப்பிச்சுருச்சு."

"அப்ப அந்தப் பாவி?"

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"அவரு பாவியெல்லாம் இல்லம்மா" என்றேன். "மேஜை தூக்க முடியாம நின்னப்போ, கூப்பிடாமலே வந்து ஒரு கை குடுத்தாரு. அந்த அண்ணன்தான் ஒரு நன்றிகூட சொல்லல."

அவர் நிமிர்ந்தார். எத்தனையோ நாள் ஒரே அறையில் இருந்தும் அவர் குரலை அன்றுதான் நேராகக் கேட்டேன்.

"நாளைக்கு அலமாரிக் கதவு ரெடியாயிரும், அண்ணே. தூசியெல்லாம் தொடைச்சு, நானே பின்கட்டுக்குக் கொண்டாந்து தர்றேன்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். என் கையை விடவில்லை. பிடி மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.