கீழ் இமை

சிரிப்பு உதட்டில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உதட்டை மட்டும் தூக்கினால் இளிப்புதான் வரும். கன்னத்துச் சதை மேலேறி, கீழ் இமையை ஒரு நூல் அளவு தள்ள வேண்டும். அப்போதுதான் களிமண் சிரிக்கும்.

இறந்துபோன தலைவருக்குச் சிலை செய்யும் வேலை என் பட்டறைக்கு வந்தபோது, அவர் சிரித்து ஒரு படம்கூட இல்லை. முப்பது வருடம் நாட்டையே முறைத்துப் பார்த்தவர். சிலைக்குழுவோ சிரித்த முகம் கேட்டது. இரண்டு முறை செய்து காட்டினேன்.

"என்னப்பா, பல்வலிக்காரன் மாதிரி இருக்காரு?" என்றார் குழுச் செயலாளர். "பாத்தா பிள்ளைங்க ஓடிவந்து கட்டிக்கணும். அடுத்த வாரமும் இப்படியே இருந்துச்சுன்னா, சிரிப்பு ஏன் வரலைன்னு உன்னை வேற எடத்துல வச்சு விசாரிப்பாங்க."

அந்த இடம் எனக்குத் தெரியும். பதினோரு வருடம் முன்பு, தலைவர் கையெழுத்திட்ட ஒரு தாளைக் காட்டி, என் தம்பியை அங்கேதான் கொண்டுபோனார்கள். உடல்கூடத் திரும்பவில்லை. வீட்டில் மிஞ்சியது அவன் சிரிக்கிற படம் ஒன்றுதான்.

என் கைக்கு மனப்பாடமான சிரிப்பும் அது ஒன்றுதான். அவனுக்கு இடது கீழ் இமை சற்றுக் கூடுதலாக ஏறும். ஒப்புதலுக்கு மட்டும் அதை வைப்போம், அச்சு எடுக்கும் முன் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். தலைவரின் மூக்கு, தலைவரின் தாடை, நடுவில் தம்பி.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதான்யா அவரு!"

களிமண் ஈரமாக இருக்கும்வரை எதையும் திருத்தலாம். மேலே பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்தால் முடிந்தது. அச்சிலிருந்து மெழுகு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் வெண்கலம். ஒரே அச்சில் எத்தனை சிலை வேண்டுமானாலும் எடுக்கலாம். குழுவுக்கு இதையெல்லாம் ஆசை ஆசையாக விளக்கியவன் நான்தான். செயலாளர் நன்றாகக் கேட்டிருக்கிறார். வாசலில் பிளாஸ்டர் மூட்டைகளோடு ஆட்கள் தயாராக நின்றார்கள்.

"இமையில ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு சார்."

"கை வச்சே, கெடுத்துடுவே. தள்ளி நில்லு."

இப்போது ஊர் ஊராக அந்தச் சிலை நிற்கிறது. பாடப்புத்தகத்திலும் தபால்தலையிலும் அதே சிரிப்பு.

போன வாரம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அம்மாவிடம் ஏணி கேட்டு வந்தாள். சுவரில் தம்பியின் படத்தைப் பார்த்தாள்.

"அட, தலைவரோட சின்ன வயசுப் படமா! எங்க கெடச்சுதும்மா?"

இல்லை என்று சொன்னால், யார் என்று சொல்ல வேண்டும். அம்மா ஏணியை எடுத்துக் கொடுத்தாள். அவள் போனதும் படத்தைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"பெரியவனே, எனக்கும் இதுல அந்த ஆளுதான்டா தெரியறான்."

"படத்தைப் பாக்காதம்மா. கண்ணை மூடிக்கோ. தம்பி வருவான்."

மூடிக்கொண்டாள். வெகுநேரம் இமைகள் துடித்தன.

"வந்தானாம்மா?"

"வந்தான்," என்றாள். "பீடத்து மேல நிக்கிறான்டா."