காருக்கடியில் உப்பு

தோளில் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், பங்குனி வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று இராஜதுரையிடம் சொல்லிவிட்டார். தோளைப் பற்றி இராஜதுரைக்கு அவ்வளவு கவலையில்லை. காரைப் பற்றித்தான் நித்திரை வரவில்லை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பொரிக்கும் ரோல்ஸையும் பற்றீஸையும் சார்செல் கடைகளுக்கும் லெ பிளாங்-மெனில் கடைகளுக்கும் ஏற்றிப்போகிற வேலை அந்தக் காரை நம்பித்தான் இருந்தது. பங்குனியில் காருக்குக் கட்டாயப் பரிசோதனை. போன தடவையே கதவுக்குக் கீழேயுள்ள தகட்டில் துருக்கறள் தொடங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை அது ஓட்டையாகிப் போயிருந்தால் கார் தெருவில் இறங்காது. வேலை வேறு ஆளின் கைக்குப் போய்விடும்.

ஆகவே சத்திரசிகிச்சைக்கு முந்தின கிழமையே எல்லாவற்றையும் முறையாகச் செய்து முடித்தார். வீதியில் பனிக்கு உப்புக் கொட்டத் தொடங்குமுன் காரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். இரண்டு நாள் காற்றில் காயவிட்டார். தகட்டு இடுக்குகளுக்குள் மெழுகு அடித்தார். பிளாஸ்டிக் உறையால் மூடினால் உள்ளே வியர்க்கும் என்று மூடாமலே விட்டார். பிறகு, குடியிருக்கும் கட்டடத்தின் நிலத்தடி பார்க்கிங்கில், பதினேழாம் இலக்க இடத்தில் நிறுத்தினார். சனிக்கிழமை தவறாமல், நீளக் கம்பில் கட்டிய முகக்கண்ணாடியைக் காருக்கடியில் நீட்டி, டோர்ச் அடித்துப் பார்த்து, பார்த்ததைக் கொப்பியில் எழுதி வைத்தார்.

2018 தை மாதம் மூன்றாம் சனிக்கிழமை. கண்ணாடியில் வெள்ளையாக என்னவோ மின்னியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. நல்ல பரல் உப்பு. அதைச் சுற்றித் தரை ஈரமாய்க் கறுத்துக் கிடந்தது. உப்பு இருந்தால் ஈரம் காயாது. ஈரம் காயாவிட்டால் தகடு தப்பாது. டிசம்பரிலிருந்து அசையாத காருக்கு அடியில் உப்பு தானாக வந்து விழாது.

யார்?

பதினெட்டாம் இலக்கத்தில் பெர்னார் நிறுத்துவார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். போன கோடையில் இராஜதுரையின் சக்கரம் கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை போனதற்கு ஒரு முறை முகம் கறுத்தவர். அடுத்த சனி இராஜதுரை கீழே இறங்கியபோது பெர்னார் இரண்டு காருக்கும் நடுவில் குனிந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. இவரைக் கண்டதும் நிமிர்ந்து, "போன்ஜூர், முசியே இராஜதுரை. தோள் எப்படி இருக்கு?" என்றார். தோளைக் கேட்டுக்கொண்டே பையைத் தன் காரின் டிக்கிக்குள் வைத்தார். டிக்கியை மூடியும் விட்டார்.

'பையை ஏன் மறைக்க வேணும்?' என்று கொப்பியில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார் இராஜதுரை.

மனைவி வள்ளிநாயகிக்கு அவர் மூச்சுக் காட்டவில்லை. அவளுக்குச் சொன்னால் அவளின் சிநேகிதி சுகிர்தத்துக்குப் போகும். சுகிர்தத்துக்குப் போனால் லா சப்பல் முழுக்கப் போகும். ஆள் உசாராகிவிடுவான். வெள்ளி மத்தியானமும் இறங்கிப் பார்த்து, நான்கு கிழமையும் வெள்ளி பின்னேரத்துக்கும் சனி காலைக்கும் இடையில்தான் உப்பு விழுந்திருக்கிறது என்று தேதி போட்டுக் கணித்தார். கட்டட நிர்வாகத்துக்கு ஐந்து பந்திகளில் பிரெஞ்சில் முறைப்பாடு எழுதிப் பதிவுத் தபால் உறையில் இட்டார். கடிதமுறை தெரிந்தவர் அல்லவா, எதிராளிக்கும் ஒரு பிரதி போகவேண்டும் என்று வெள்ளி மத்தியானம் பெர்னாரின் தபால்பெட்டிக்குள் போட்டார். சாட்சிக்குக் கையோடு பிடித்துவிட்டால் உறையை நாளைக்கே அனுப்பலாம். பின்னேரம் நாலரைக்குக் காரின் பின் இருக்கையில் கம்பளிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் காலடிச் சத்தம். காரைச் சுற்றி ஒரு நிழல் போனது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ஒரு முணுமுணுப்பு.

"ஊர்க்கண், உறவுக்கண், கொள்ளிக்கண், அந்தப் பாண்டிச்சேரிக் கண்..."

சரசரவென்று காருக்கடியில் பரல்கள் சிதறின.

இராஜதுரை எழும்பிக் கண்ணாடியைத் தட்டினார். "வள்ளி!"

"ஐயோ, என்ரை அம்மாளே!" வள்ளிநாயகி மற்றக் காரில் சாய்ந்துவிட்டாள். "ஏனப்பா காருக்கை ஒளிச்சுக் கிடக்கிறியள்? சீவன் போயிட்டுது!"

"கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டு இஞ்சை என்ன செய்யிறாய்?"

"நாவூறு கழிக்கிறன். அந்த மனுசன் ஐப்பசியிலை இந்தக் காரைப் பாத்து, புதுசு மாதிரி மின்னுதே எண்டு சொன்னது. அடுத்த கிழமையே உங்களுக்குத் தோள் பிடிச்சுது. மறந்துபோனியளோ?"

"கழிச்ச உப்பை அடுப்பிலை போட வேண்டியதுதானே!"

"போட்டனான். புகை கண்டதும் அந்த அலாரம் கத்தி, மேல் வீட்டுக்காரி ஓடிவந்தவ. பிறகென்ன செய்யிறது? கண் பட்டது காருக்கு, அதன்ரை காலடியிலையே போட்டன். மிளகாயும் சேர்த்தா உங்களுக்கு விளங்கிப்போம், நக்கலடிப்பியள் எண்டுதான் வெறும் உப்பு."

"உப்புத்தானடியப்பா இரும்பைத் தின்னுறது! நான் மெழுகடிச்சுக் காப்பாத்திறன், நீ கிழமைக்கொரு பிடி தீனி போடுறாய்!"

வள்ளிநாயகி காரையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "அது எனக்கு ஆர் சொன்னது?" என்றாள் மெல்ல.

லிஃப்ட் கதவு திறந்தது. பெர்னார். கையில் பிரித்த கடிதம்.

"பதினொரு வருஷமா பக்கத்துல நிறுத்தறேன்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "கேக்கணும்னா கதவத் தட்டியிருக்கலாமே." டிக்கியைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார். பாதி நிறையப் பரல் உப்பு. கூடவே ஒரு சின்னத் துடைப்பம். "கட்டடக் காவலாள்தான் வழுக்காம இருக்கப் போடறான்னு நெனச்சேன். ரெண்டு காருக்கும் கெடுதின்னு நான் கூட்டிக் கூட்டி எடுக்கறேன். உள்ள தள்ளி விழுந்தது மட்டும் கைக்கு எட்டல."

இராஜதுரை சட்டைப்பையிலிருந்து பதிவுத் தபால் உறையை எடுத்து, இடது கையாலும் பல்லாலும் இரண்டாகக் கிழித்தார். "மன்னிக்க வேணும், முசியே பெர்னார். உப்புப் போட்டது எங்கடை வீட்டு ஆள்தான்."

"நீங்களா, மதாம்? எதுக்கு?"

இராஜதுரை வள்ளிநாயகியைத் திரும்பிப் பார்த்தார். உம்முடைய கண்ணுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? கையில் பிழை பிடித்தது போதாதென்று கண்ணிலும் பிடிப்பதா?

"ஈரத்தை இழுக்குமெண்டு ஆரோ சொன்னவை" என்றாள் வள்ளிநாயகி, கண் வெட்டாமல்.

"தப்பா சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலையில ரெண்டு வாளி வெந்நீர் கொண்டாங்க. நான் குனிஞ்சு கழுவறேன், அவருக்குத் தோள் ஆகாது. அப்புறம் நல்லாத் தொடச்சு மறுபடி மெழுகு அடிச்சிடலாம்." பெர்னார் காருக்குள் கிடந்த முகக்கண்ணாடிக் கம்பை வாங்கி அடியில் நீட்டி, தகட்டை நெடுநேரம் பார்த்தார். இராஜதுரை டோர்ச் அடித்துப் பிடித்தார்.

"ஓட்டை ஒண்ணும் விழல. பங்குனியில தாண்டிடும்." எழுந்து கையைத் தட்டிவிட்டுக் காரை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். "சும்மா சொல்லக்கூடாது. இத்தன வருஷம் ஆயும் வண்டி இன்னும் புதுசு மாதிரியே..."

வள்ளிநாயகியின் கை தன்னையறியாமல் பெர்னாரின் உப்புப் பைக்குள் போனது. இராஜதுரை அந்தக் கையை எட்டிப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டார்.