சிரிக்க வைக்கப்பட்ட அம்மா

1.

இந்தக் கதை என்னைப் படம் எடுக்க வந்த ஒருத்தியுடையது. புத்தகத்தின் பின்னட்டைக்கு என் முகம் வேண்டுமென்று பதிப்பாளர் அவளை அனுப்பியிருந்தார். கேமராவைக் கண்டதும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், பல்லைக் காட்டினேன். அவள் கேமராவை இறக்கிவிட்டாள்.

"சிரிப்பு வந்தா சிரிங்க. வரலன்னா சும்மா இருங்க. யாருக்காக இது?"

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில், என் நாற்காலியில், என் வாயை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்கே பாடமா? ஏன் இப்படி எரிந்து விழுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னாள். இதை எழுதலாமா என்றேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: "கடைசில என்னைச் சமாதானப்படுத்திடாதீங்க."

தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவதற்கென்ன, யார் வேண்டுமானாலும் ஆட்டலாம்.

2.

மாலை வெயில் ஜன்னல் கண்ணாடியில் பொன்னாக உருகி வழிந்த அந்த—

வேண்டாம். படித்தால் தாளை என் முகத்திலேயே விட்டெறிவாள்.

மறுபடியும். படக்காரிக்கு (அவள் அண்ணன் வைத்த பட்டப்பெயர்) அழகானது எதைக் கண்டாலும் ஆகாது. சூரியன் மறைவதை அவள் எடுத்ததே இல்லை. தினமும்தானே மறைகிறது, ஓடியா போய்விடும் என்பாள். அவள் எடுப்பதெல்லாம் வேறு. பேருந்து ஜன்னலில் சாய்ந்து தூங்கியவர் இறங்கிப் போன பிறகு கண்ணாடியில் நிற்கும் நெற்றியின் பிசுக்கு. மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்களின் கால்கள், பாதி செருப்புக்குள், பாதி வெளியே. நாற்காலி முதுகில் மாட்டிய சட்டை, உள்ளே இன்னும் ஆள் இருப்பதுபோல் தோளைத் தூக்கிக்கொண்டு. இதையெல்லாம் எவன் வீட்டில் மாட்டுவான் என்று அண்ணன் கேட்பான்.*

* முதல் பிரதியில் மரியாதையாகக் 'கேட்பார்' என்றுதான் எழுதினேன். எழுத எழுத எனக்கும் கோபம் ஏறிவிட்டது. இப்படியே இருக்கட்டும்.

3.

அண்ணன் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். வருகிற படம் எதுவானாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பருவை அழித்து, தோலை வெளுத்து, உதட்டின் இரண்டு ஓரங்களையும் கொஞ்சம் மேலே இழுத்துவிடுவான். யாரும் கேட்க வேண்டியதில்லை. கை தானாகப் போகும். இழுத்தும் மசியாத வாய்களுக்கு அவனிடம் மாற்று வாய்கள் இருந்தன. பழைய படங்களிலிருந்து வெட்டி எடுத்து, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தான்.

இனி அம்மா.

கேமராவைக் கண்டால் அம்மா கையால் முகத்தை மூடிக்கொள்வாள். மகளும் வற்புறுத்தமாட்டாள். அதனால் அம்மாவின் முழங்கை, முதுகு, ஈரக் கணுக்கால் எல்லாம் படத்தில் இருக்கின்றன. முகம் மட்டும் ஒன்றே ஒன்று.

அதை எடுத்த அன்றைக்கு அப்பாவும் அண்ணனும் கூடத்தில் உட்கார்ந்து வேறு வீட்டுக்குக் குடிபோவதென்று முடிவு செய்தார்கள். எந்த வீடு, எப்போது, எந்த அறை யாருக்கு என்பதுவரை பேசித் தீர்த்தாயிற்று. அம்மா பக்கத்திலேயே டீத் தட்டோடு நின்றிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டீர்களா என்றாள். அப்பா டம்ளரை எடுத்துக்கொண்டார். அண்ணன், "நீ சிரிச்ச முகமா இருந்தாப் போதும்மா. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

அம்மா சமையலறைக்கு வந்தாள். ஜன்னல் கம்பியில் காயப்போட்ட கைத்துணி சொட்டுவதைப் படக்காரி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா முகத்தை மூடவில்லை.

"இங்க திரும்பு. இப்ப எடு. என் மூஞ்சி எப்படி இருக்கோ அப்படியே எடு."

எடுத்தாள்.

[இந்த இடத்தில் அந்த முகத்தை வர்ணிக்க வேண்டும். 'துயரம் தோய்ந்த' என்று எழுதினேன். துயரமில்லை, கோபம். 'கோபத்திலும் ஒரு கனிவு' என்று வந்து விழுந்தது. கனிவை யார் கேட்டார்கள்? நானும் உதட்டோரத்தைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். முகத்தை வர்ணிக்காமல் விடுகிறேன்.]

4.

அம்மா இறந்துபோன பிறகு கூடத்துச் சுவருக்கு ஒரு படம் தேவைப்பட்டது. தங்கை வேலைக்காக வெளியூர் போயிருந்தபோது அண்ணன் அவள் கம்ப்யூட்டரில் தேடி அந்த முகத்தைக் கண்டுபிடித்தான். வழக்கமான வேலையைச் செய்தான். வழக்கம்போல அதே பெயரிலேயே, பழையதன் மேலேயே சேமித்தான். மூலப்படம் ஒழிந்தது.

(வேறு பிரதி இல்லையா என்று நானும் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் மூடிக்கொள்ளுங்கள்.)

திரும்பி வந்தவள் சுவரைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன லட்சணமாகச் சிரிக்கிறாள், மகராசி, என்று துக்கம் கேட்க வந்த அத்தை சொன்னாள். அந்தச் சிரிப்பைப் படக்காரி எங்கேயோ பார்த்திருக்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்ததும் விளங்கியது. ஸ்டூடியோ திறந்த புதிதில் கடையின் முன்கண்ணாடிக்குள் மாதிரிப் படமாக வைப்பதற்காக அண்ணன் அவளை உட்காரவைத்து, சிரி சிரி என்று பிடுங்கி எடுத்த படத்தில் இருந்த சிரிப்பு.

ஸ்டூடியோவுக்குப் போய், யார் வாய் அது என்று கேட்டாள்.

"உன்னுதுதான். அம்மா வாய் அச்சு அசலா உனக்கு. ஒட்டினதே தெரியல, பாத்தியா?" என்றான். பெருமைதான் அவனுக்கு.

5.

முடிவு ஒன்று: அவள் விம்மினாள். அண்ணன் அவள் தோளைத் தொட்டான். இருவரும் அம்மாவை நினைத்து— பொய். சுத்தமான பூசிமெழுகல்.

முடிவு இரண்டு: படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தாள். இதற்குக் கை தட்டுவீர்கள், தெரியும். ஆனால் அந்தப் படத்தில் கண்கள் இன்னும் அம்மாவுடையவை. அவற்றை எப்படி உடைப்பாள்?

நடந்தது இதுதான். அவள் கத்தினாள். அம்மா கேட்டு எடுத்த படம் அது, அம்மா தன் வாயால் கேட்டு வாங்கிய ஒரே படம், அதில் கை வைக்க நீ யார் என்று கத்தினாள். காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் மெல்ல எழுந்து நழுவினார். அண்ணன் கெட்டவன் இல்லை. என் எரிச்சலே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரே மூச்சில் முடித்திருப்பேன். அவன் தலையைச் சொறிந்து, யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தான்.

"சிரிப்பு பிடிக்கலன்னா விடு. இப்ப கோவமாத்தானே இருக்க? அப்படியே வந்து உக்காரு. இந்த வாயையே எடுத்து ஒட்டிடறேன்."

அவள் உட்கார்ந்தாள். (ஏன் உட்கார்ந்தீர்கள் என்றேன். "எனக்கு அம்மா வேணும். வேற என்ன வழி இருந்துச்சு?" என்றாள்.)

விளக்கைப் போட்டு எடுத்தான். வாயை வெட்டி அம்மாவின் முகத்தில் பொருத்தினான். பழக்கத்தில் ஓரத்தை இழுக்கப் போன அவன் கையை அவள் தட்டிவிட்டாள். திரையில் அம்மா வந்துவிட்டாள்.

அண்ணன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"அம்மாவுக்கு எதுக்கு இவ்வளவு கோவம்?"

அவள் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நானும் சொல்லப்போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அடுத்த வரியிலேயே அவனைத் திருத்தி, அழவைத்து, நல்லவனாக்கி அனுப்பிவிடுவேன். என் கை அப்படிப்பட்டது. உங்களுக்குத்தான் விஷயம் தெரியுமே. கூடத்தில் அம்மா தட்டோடு நின்றபோது நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். அவன் இன்னும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். போய் நீங்களே சொல்லுங்கள்.